பச்சைக் குளவியின் சிவந்த தொடை: வெள்ளவத்தையில் ஓர் இனங்காணல்

பொன்வண்டு என்றுதான் முதலில் செய்தி வந்தது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் நடுவே ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளம். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. என் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். அம்மாவுக்கு ரீச்சர் என்றால் எனக்கும் ரீச்சர்தான். "தம்பி, குசினிக்குள் பச்சைப் பொன்வண்டு ஒன்று சுற்றுகிறது. பேரன் மருந்துப் போத்தலோடு நிற்கிறான். அடிக்கலாமா, விடலாமா?" என்று கேட்டு, தொலைபேசியில் எடுத்த படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

மேலிருந்து எடுத்த படம். இறக்கைகள் அசைவில் மங்கியிருந்தன. கால்கள் உடலுக்கு அடியில் மறைந்திருந்தன. தெளிவாகத் தெரிந்தது நிறம் மட்டுமே: மயில் கழுத்தின் நீலமும் பச்சையும் கலந்த உலோகப் பளபளப்பு. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இது வண்டு இல்லை ரீச்சர், குளவி. ஸ்டில்பம் சயனூரம் என்று பெயர். மண்கூடு கட்டும் குளவிகளின் கூட்டுக்குள் களவாக முட்டையிடும். மருந்தடிக்க வேண்டாம்" என்று பதில் எழுதினேன்.

குளவி என்றது சரி. மருந்தடிக்க வேண்டாம் என்றதும் சரி. பெயர் பிழை. அந்தப் பிழை எப்படித் திருந்தியது என்பதை ஒன்றும் விடாமல் எழுதி வைக்க விரும்புகிறேன். நிறத்தைக் கண்டதும் பெயர் சொல்லிவிடும் அவசரத்தை, என்னிடம் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் நான் ஒவ்வொரு ஆண்டும் காண்கிறேன். அதே அவசரம் என்னிடமும் இருந்தது.

கொம்பைப் பிடித்து நடத்திய குளவி

அன்று பின்னேரம் ரீச்சர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம். "தம்பி, உங்கள் குளவி கரப்பொத்தான் ஒன்றைக் கொம்பில் பிடித்து நடத்திக்கொண்டு போகிறது. கரப்பொத்தான் உயிரோடுதான் இருக்கிறது. மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவது போலப் பின்னால் நடக்கிறது."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. ஸ்டில்பம் எந்த இரையையும் எங்கும் இழுத்துச் செல்வதில்லை. தெகிவளைச் சந்தியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, அரை மணி நேரத்தில் ரீச்சர் வீட்டில் நின்றேன். அதற்குள் வேலை முடிந்துவிட்டிருந்தது. பின்பக்க விறாந்தையில் ரம்பைச் சட்டிக்கும் கறிவேப்பிலைச் சட்டிக்கும் இடையில், உடுப்புக் காயப்போடும் கொடிக்காகக் கொண்டுவந்து மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. அதன் வாயைக் குளவி சிறு கற்களாலும் தும்புத் துண்டுகளாலும் காய்ந்த இலைத் துணுக்குகளாலும் அடைத்திருந்தது. பேரன் எடுத்த காணொளியில் நடத்திச் சென்றதும் அடைத்ததும் இருந்தன, கொட்டியது இல்லை.

கொட்டுவதைப் பார்க்காமல் பெயர் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குக் குசினிக் கதிரையில் அமர்ந்தேன். பத்தரைக்கு யன்னல் வழியே வந்தது. பறந்ததைவிட நடந்ததே அதிகம். உணர்கொம்புகள் ஓயாமல் தரையைத் தட்டின. கழுவுதொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள் புகுந்து, பெரிய கரப்பான் ஒன்றைத் துரத்திக்கொண்டு வெளியே வந்தது. அந்தக் கரப்பான் முன்னங்கால்களில் உடலை உயர்த்தி நின்று, முள் நிறைந்த பின்னங்காலால் குளவியின் தலையில் உதைத்துவிட்டு ஓடிவிட்டது. இந்த உதையை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் கட்டானியா 2018இல் விரிவாக எழுதியிருக்கிறார். படித்தபோது ஏற்படாத வியப்பு, கண்முன்னே நடந்தபோது ஏற்பட்டது.

இரண்டாவது கரப்பான் இளையது. குளவி அதன் கழுத்துக் கேடயத்தின் விளிம்பைத் தாடைகளால் கவ்வி, வயிற்றை அடியில் வளைத்து மார்பில் முதல் கொட்டு. முன்னங்கால்கள் மடிந்தன. பிறகு அவசரமே இல்லாமல், கழுத்தின் மென்தோல் வழியாகத் தலைக்குள் இரண்டாவது கொட்டு. அது நீண்ட நேரம் எடுத்தது. எதையோ தேடுவது போலக் கொடுக்கு உள்ளே அசைந்துகொண்டிருந்தது. பின்னர் குளவி விலகிப் போய்விட்டது. கரப்பான் ஓடவில்லை, எழுந்து நின்று, கால்களையும் கொம்புகளையும் வாயால் துப்புரவு செய்யத் தொடங்கியது. ரீச்சரின் சுவர்க்கடிகாரத்தில் 27 நிமிடங்கள் அதே வேலை. குளவி திரும்பி வந்து இரண்டு கொம்புகளையும் பாதியில் நறுக்கி, கசிந்த குருதியைக் குடித்தது. மிஞ்சிய கொம்புக் கட்டையைக் கவ்வி இழுத்தது. கரப்பான் தன் கால்களாலேயே நடந்தது.

ஒப்பிட்டு நீக்கியவை

பச்சை உலோக நிறம் குளவிகளில் பல குடும்பங்களில் வரும். நிறத்தின் பளபளப்பு மேற்தோலின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாவது. உறவு இல்லாத இனங்களிலும் அது தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஆகவே நிறம் ஓர் அழைப்பு மணி, அவ்வளவே.

நான் முதலில் சொன்ன ஸ்டில்பம் தங்கக் குளவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் வயிற்றின் அடிப்பக்கம் குழிந்திருக்கும். தொட்டால் உடலைப் பந்து போலச் சுருட்டிக்கொள்ளும். மேற்புறம் முழுவதும் ஆழமான குழிப் புள்ளிகள். ரீச்சர் வீட்டுக் குளவியின் வயிறு அடியிலும் உருண்டிருந்தது. தொட்டபோது சுருளவில்லை, ஓடியது.

அடுத்து குளோரியன் லொபாற்றம். அதுவும் நீலப்பச்சை, அதுவும் பெரியது. ஆனால் அது மண்ணைத் தோண்டிச் சில்வண்டுகளைப் பிடிக்கும். வயிற்றுக்கு முன்னே காம்பு போன்ற மெல்லிய இடை அந்தக் குடும்பத்தின் அடையாளம்.

கரப்பானோடு தொடர்புள்ள இன்னொரு குளவி நம் வீடுகளில் உண்டு: இவானியா அபென்டிகாஸ்ரர். 1758இல் லின்னேயஸ் பெயரிட்டது. கருநிறம், நீலக் கண்கள், கைக்கோடரி போன்ற குட்டி வயிறு. அதைக் கொடி அசைப்பது போல மேலும் கீழும் ஆட்டியபடி குளியலறை யன்னலில் நடக்கும். அது கரப்பானைத் தொடுவதில்லை. கரப்பானின் முட்டை உறைக்குள் தன் முட்டையை வைக்கும். அதன் ஒரே குடம்பி (முட்டையில் இருந்து வரும் இளம்புழு) உறையில் உள்ள முட்டைகளைத் தின்று வளரும். நிறத்திலும் வேட்டையிலும் பொருந்தாததால் அதையும் விட்டேன்.

மிஞ்சியது அம்பியூலெக்ஸ் என்னும் சாதி, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. அதற்குள் எந்த இனம் என்று சொல்ல, உயிரோடு ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

விவரணம்

கொல்லவில்லை. வாய் அகன்ற யாம் போத்தலால் மூடிப் பிடித்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஏழு நிமிடம் வைத்தோம். குளிரில் பூச்சி உறங்கிவிடும். வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் விழித்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குள் பத்து மடங்கு கைவில்லையால் பார்த்து, பேரனின் வரைபடத் தாளில் வைத்து அளந்து, நான் சொல்லச் சொல்ல ரீச்சர் எழுதினார். மூன்று முறை குளிரூட்ட வேண்டி வந்தது. அவர் கையெழுத்தில் இருந்ததையே சற்று ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

பெண். உடல் நீளம் 21 மில்லிமீற்றர். தலை, மார்பு, வயிறு மூன்றும் நீலம் கலந்த பச்சை, உலோகப் பளபளப்பு. இடைக்காலின் தொடையும் பின்காலின் தொடையும் செந்நிறம். முன்காலின் தொடை உடலின் நிறமே. கூட்டுக்கண்கள் பெரியவை. முகத்தின் கீழ்ப்பாதியில், வாய்க்கு மேலே, மூக்குத் தண்டு போல நடு வரம்பு. தாடைகள் நீண்டு வளைந்தவை. உணர்கொம்பு 12 துண்டங்கள். முன்மார்பு கழுத்துப் போல நீண்டிருக்கிறது. அதனால் தலை உடலில் இருந்து தள்ளி நிற்பது போன்ற தோற்றம். மார்பின் பின்முனைப் பகுதி நீண்ட பெட்டி போன்றது. மேலே நீளவாட்டில் வரம்புகள், பின்மூலை ஒவ்வொன்றிலும் ஒரு முனை. இறக்கைகள் ஒளி ஊடுருவுபவை, மெல்லிய புகைச்சாயல். வயிற்றின் நுனி பக்கவாட்டில் அழுத்தப்பட்டுக் கூர்மையாக முடிகிறது.

இந்த விவரணத்தில் நான் அதிகம் நம்பியிருப்பது மூன்று: சிவந்த நான்கு தொடைகள், நீண்ட கழுத்து, அழுத்தப்பட்ட வயிற்று நுனி. சிவப்பு நிறமும் நிறம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பளபளப்பு வெளிச்சத்தோடும் பார்க்கும் கோணத்தோடும் மாறும்; தொடையின் சிவப்பு மேற்தோலின் நிறமி, குசினி விளக்கிலும் விறாந்தை வெயிலிலும் ஒன்றே. அதைவிட முக்கியமாக, அது உடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது நிலையானது: முன்காலில் இல்லை, மற்ற இரண்டு சோடியிலும் உண்டு.

பெயர்: அம்பியூலெக்ஸ் கொம்பிரெஸா (பப்ரீசியஸ், 1781). டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான் கிறிஸ்ரியன் பப்ரீசியஸ் இதை முதலில் விவரித்தபோது ஸ்பெக்ஸ் என்னும் சாதியில் வைத்தார். அம்பியூலெக்ஸ் என்ற சாதி 1807இல்தான் வந்தது. அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்பதன் பொருள் அதுதான்: இனத்தை விவரித்தவர் இவர், சாதி பின்னர் மாறியது. மாணவர்கள் அந்த அடைப்புக்குறியை அழகுக்காகப் போட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. கொம்பிரெஸா என்றால் அழுத்தப்பட்டது. இலங்கையின் அம்பியூலெக்ஸ் குடும்பத்துக்குத் தனி ஆய்வும் உண்டு. அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கார்ல் குரொம்பைன் 1970களில் இந்தத் தீவில் குளவிகளைச் சேகரித்து, இக்குடும்பத்தைப் பற்றி 1979இல் வெளியிட்டார். ரீச்சர் வீட்டுக் குளவி புதியது இல்லை என்பதில் எனக்கு ஒரு துளி ஏமாற்றமும் இல்லை. 1781இல் எழுதிய சொற்களுக்கு இன்றும் வெள்ளவத்தைக் குசினியில் உயிர் இருப்பதே பெரிய விடயம்.

கொட்டு செய்யும் வேலை

ரீச்சருக்கு இதுதான் உறுத்தியது. "செத்துவிட்டால் விளங்கும். மயங்கிவிட்டாலும் விளங்கும். இது நடக்கிறதே!"

இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் பிரடெரிக் லிபர்சாட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தக் கேள்விக்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். முதல் கொட்டு மார்பின் நரம்புத் திரட்டில் இறங்குகிறது. முன்னங்கால்களைச் சில நிமிடங்களுக்கு மட்டும் செயலற்றதாக்குகிறது. கழுத்தை எட்டுவதற்கு அந்தச் சில நிமிடமே குளவிக்குத் தேவை. இரண்டாவது கொட்டு மூளையிலும் அதற்குக் கீழுள்ள திரட்டிலும் நஞ்சை வைக்கிறது. கொடுக்கின் நுனியில் தொடுகையை உணரும் உறுப்புகள் இருக்கின்றன. நான் பார்த்த அந்தத் தேடல் மூளையைத் தேடியதுதான். நஞ்சில் உள்ள டோபமீன் துப்புரவு செய்யும் நடத்தையைத் தூண்டுகிறது. அது அடங்கியதும் கரப்பானுக்கு நடக்கும் ஆற்றல் இருக்கும், தானாக நடக்கத் தொடங்கும் உந்துதல் இருக்காது. இழுத்தால் நடக்கும், விட்டால் நிற்கும். முட்டை வைக்கப்படாத கரப்பான் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தேறிவிடும்.

ரீச்சர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் அப்பம்மா சொல்லுவா, வேட்டுவன் குளவி புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்கிவிடும் என்று. குருவின் அருளுக்கு அதைத்தான் உவமை சொல்வார்கள்" என்றார். பிரமர கீட நியாயம் என்று சைவ நூல்கள் சொல்வது இதையே. அந்த உவமையைச் சொன்னவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். புழுவைக் குளவி கொண்டுபோவதைக் கண்டார்கள், கொட்டியதைக் கண்டார்கள், கூட்டை மூடியதைக் கண்டார்கள், சில வாரம் கழித்து அதே கூட்டில் இருந்து குளவி வெளிவந்ததையும் கண்டார்கள். நான்கும் உண்மை. காணாதது கூட்டுக்குள் இருந்த முட்டை ஒன்றே.

போத்தலுக்குள் நாற்பது நாள்

அந்த முட்டையைக் காண்பதற்காக முதல் நாள் அடைத்த குழாயைத் திறந்தோம். குறடால் அடைப்பை ஒவ்வொன்றாக எடுத்தபோது, உள்ளே கரப்பான் அமைதியாக இருந்தது. தட்டினால் மெல்ல அசைந்தது. இடைக்காலின் அடிக்கட்டையில், வெளிப்பக்கமாக, சோற்றுப் பருக்கையின் நிறத்தில் அதைவிடச் சிறிய ஒரு முட்டை. கரப்பானை அப்படியே துணியால் வாய் கட்டிய கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, இருட்டுக்காக அலுமாரிக்குள் வைத்தோம்.

மூன்றாம் நாள் குடம்பி வெளிவந்தது. வந்த இடத்தை விட்டு நகரவில்லை. கால் அடியைத் துளைத்துக் குருதியை உறிஞ்சியது. எட்டாம் நாள் அது வெளியே தெரியவில்லை. கரப்பானின் உடலுக்குள் போய்விட்டிருந்தது. ஒட்டுண்ணிக் குளவியைப் பேனில் இருந்தும் உண்ணியில் இருந்தும் பிரிப்பது இதற்குப் பிறகு நடப்பதுதான். பேனும் உண்ணியும் தாம் வாழும் உடலைச் சாகவிடாமல் வைத்துக்கொள்ளும். இந்தக் குடம்பி தன் விருந்துவழங்கியை, அதாவது தனக்கு இரையாகும் கரப்பானை, தேவையான நாள்வரை வைத்திருந்து, கடைசியில் முழுவதும் தின்று முடிக்கும். கூட்டுப்புழுவாவதும் அதே வெற்றுடலுக்குள்ளேதான்.

எனக்கு இருந்த பயம் அழுகல். கொழும்பின் ஈரத்தில் செத்த கரப்பான் இரண்டு நாள் தாங்காது. ஆனால் போத்தலில் மணமே இல்லை. ஜேர்மனியின் றேகன்ஸ்பூர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டியது நினைவுக்கு வந்தது: குடம்பி தன் வாயில் இருந்து மெலெயின், மைக்ரோமொலைட் என்னும் இரண்டு சேர்மங்கள் கொண்ட திரவத்தைச் சுரந்து, கரப்பானின் உட்பக்கத்தில் பூசி, பற்றீரியாக்களை அடக்குகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஒரு களஞ்சியத்தைத் தானே பாதுகாக்கிறது. ரீச்சர் ஒவ்வொரு காலையும் துணியில் மூக்கை வைத்துப் பார்த்து நாட்குறிப்பில் "மணம் இல்லை" என்று எழுதியிருக்கிறார், தொடர்ந்து இருபது நாள். இந்த ஆய்வு முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் பதிவு அதுதான்.

நாற்பதாம் நாள் காலையில் கரப்பானின் உடலில் வட்டத் துளை ஒன்று இருந்தது. போத்தலின் சுவரில் குளவி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

பேரன் அதைப் பார்த்துவிட்டு, "இது வேறு குளவி" என்றான். அப்படிச் சொன்னதில் தவறே இல்லை. 10 மில்லிமீற்றர்கூட இல்லை. தாயின் பாதியளவும் இல்லை. வயிற்று நுனி மழுங்கியிருந்தது, கொடுக்கு இல்லை. உணர்கொம்பை எண்ணினோம்: 13 துண்டங்கள். கொடுக்குள்ள குளவிகளில் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. ஆகவே இது ஆண். கருக்கட்டாத முட்டை ஆணாகும். தாய் அந்த முட்டையைக் கருக்கட்டாமலே வைத்திருக்கிறது.

இந்த ஆணை யன்னலில் தனியாகக் கண்டிருந்தால் நானும் வேறு இனமென்று எழுதியிருப்பேன். ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயருமாக ஒரே இனம் பதிவான கதைகள் குளவியியலில் ஏராளம். இறக்கையில்லாப் பெண்களைக் கொண்ட வெல்வெற் குளவிகளில் அது இன்றும் தீராத சிக்கல். வளர்த்துப் பார்ப்பதைத் தவிர உறுதியான வழிகள் குறைவு. முட்டையிட்ட பெண்ணை நாம் கண்டோம், அந்த முட்டையில் இருந்து வந்த ஆணையும் கண்டோம். இரண்டையும் இணைக்க ஊகம் எதுவும் வேண்டியதில்லை.

கரப்பானின் வெற்றுடலை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் காப்பாற்றியிருக்கிறோம். அதன் சீட்டில் இடம், மூன்றாம் தளம், அகலாங்கு 6.87 வடக்கு, நெட்டாங்கு 79.86 கிழக்கு, முட்டையிட்ட நாள், வெளிவந்த நாள், விருந்துவழங்கி பெரிப்பிளனேற்றா அமெரிக்கானா (அமெரிக்கக் கரப்பான்) என்று எழுதியிருக்கிறது. சீட்டு இல்லாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்குப் பயன்படாது.

வளர்க்கலாமா என்ற கேள்வி

கீழ்த்தள வீட்டுக்காரர் செய்தி கேள்விப்பட்டு வந்து, இதைக் கூட்டமாக வளர்த்துக் கட்டடம் முழுவதும் விடலாமா என்று கேட்டார். 1941இல் ஹவாய்த் தீவுகளில் அதற்காகவே இதைக் கொண்டுபோய் விட்டார்கள், கரப்பான் ஒழியவில்லை. ஒரு பெண் தன் எல்லைக்குள் ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கும். ஒவ்வொரு கரப்பானுக்கும் மணிக்கணக்கில் உழைக்கும். கரப்பானின் பெருக்கம் அதைவிட வேகமானது. கழிவுநீர்க் குழாயின் மூடியைச் சரிசெய்வதும், இரவில் குசினியை ஈரமில்லாமல் வைப்பதும்தான் வழி என்று சொன்னேன். மருந்தடித்தால் முதலில் சாவது குளவியாகவும் இருக்கலாம் என்பதையும் சொன்னேன். குளவியைக் கையில் பிடிக்காதவரை அது மனிதரைக் கொட்ட வராது.

ஆணை விறாந்தையில் விட்டோம். கறிவேப்பிலை மீது சற்று இருந்து, பக்கத்து வீட்டு மாமரத்துப் பக்கமாகப் பறந்தது. குழாய்த் துண்டை ரீச்சர் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை மறுபடி அழைத்தார். பொன்வண்டு என்று சொல்லவில்லை. பச்சை என்றும் சொல்லவில்லை. "தம்பி, ஒன்று வந்திருக்கிறது. தொடை சிவப்பு, நடுவிலும் பின்னாலும். முன்காலை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, பொறுங்கள்" என்றார். நான் காத்திருந்தேன்.